போலீசுக்கு ரெண்டாம் சீசன், நமக்கு அதே கேசு

1

தமிழில் வந்திருக்கும் குற்றத் தொடர்களின் வரலாற்றை எழுதப் புகுந்தால் முதலில் ஒரு கணக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. முதல் பாகத்தில் இருந்தவர்களில் யார் இரண்டாம் பாகத்துக்குப் போகிறார்கள், யார் அங்கேயே விடப்படுகிறார்கள் என்கிற கணக்கு. நடிப்பு, ஒளிப்பதிவு, திருப்பங்கள் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். இந்தக் கணக்கை மட்டும் யாரும் எடுத்த மாதிரி தெரியவில்லை. எடுத்துப் பார்த்தால் சாதிய சமூகத்தின் முகம் அதில் நன்றாகவே தெரிகிறது.

'சீசன்' என்கிற சொல்லே நமக்கு வேறு அர்த்தத்தில் பழக்கமானது. குத்தாலத்துக்கு ஒரு சீசன், மாம்பழத்துக்கு ஒரு சீசன். காட்டாங்குளத்தூரிலிருந்து தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் வேலைக்குப் போகிற சனங்களுக்கு சீசன் என்றால் ரயில் பாஸ். தேதி முடிந்தால் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். தொடர்க்காரர்களின் சீசனும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு கதை எட்டு ஒன்பது பாகங்களில் முடிகிறது. ஜனங்கள் பார்த்திருந்தால் கம்பெனி பணம் போட்டுப் புதுப்பிக்கிறது. புதுப்பிக்கும்போது கதையில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றிவிடுவது என்று எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுக்கும் ஒரு அரசியல் உண்டு.

ஓடிடி என்று சொல்லப்படுகிற இணையத் தொடர்களை ஜிஎஸ்டி சாலை ஓரத்து அறைகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் விடிய விடியப் பார்க்கிறார்கள். மறைமலைநகர் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் முடித்து வரும் காண்டிராக்ட் தொழிலாளர்களும் கைபேசியில் பார்க்கிறார்கள். கல்லூரி வளாகத்திலும் பார்க்கிறார்கள், பக்கத்துக் காலனியிலும் பார்க்கிறார்கள். எனவே இதை மேல்தட்டுப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. நம் பிள்ளைகள் போலீஸ் என்றால் என்ன, குற்றம் என்றால் என்ன, நியாயம் என்றால் என்ன என்பதை இங்கேதான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

2

இருண்ட மர்மக் கதைகள் தமிழ்த் தொலைக்காட்சிக்குப் புதிதல்ல. 1990களில் கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' வந்தது. நாகா இயக்கிய 'ரகசியம்', 'விடாது கருப்பு' ஆகிய கதைகளை இன்றைக்கும் பேசுகிறார்கள். அன்றைக்கு சீசன் என்ற பேச்சு கிடையாது. மர்மதேசம் என்கிற பெயர் நிற்கும், கதை முழுக்க மாறிவிடும். ஊர் மாறும், ஆட்கள் மாறுவார்கள், மர்மம் மாறும். ஒரு கதையில் செத்தவன் அந்தக் கதையோடு போவான். துப்பு துலக்கியவனும் அந்தக் கதையோடு போவான். அந்த விஷயத்தில் ரெண்டு பேருக்கும் ஒரே நியாயம்தான்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். 'விடாது கருப்பு' கதையில் பயத்தை உண்டாக்கியது எது? கருப்பசாமி. அருவாளும் குதிரையுமாக ராத்திரியில் வருகிற கருப்பு. நம் சனங்களுக்குக் கருப்பு காவல் தெய்வம். எல்லையில் நிற்கிறவர், பொய் சொன்னால் கேட்கிறவர், சாராயமும் சுருட்டும் வாங்கிக்கொண்டு குறை கேட்கிறவர். வெள்ளிக்கிழமைதோறும் சேரிச் சனம் போய்ப் பேசிவிட்டு வருகிற சாமி, தொலைக்காட்சிக்குள் வந்ததும் பார்க்கிறவன் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும் உருவமாக ஆகிறது. யாருடைய முதுகுத்தண்டு? கருப்பை ஏற்கெனவே அறிந்தவனுடையதல்ல, அறியாதவனுடையது. கதை யாரைப் பார்வையாளராக நினைத்து எழுதப்பட்டது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

இருபத்தைந்து வருஷம் கழித்து வந்த 'சுழல்' தொடருக்கும் இந்தச் சொத்து பத்திரமாகக் கைமாறியிருக்கிறது. கருப்பு இருந்த இடத்தில் முதல் பாகத்தில் அங்காளம்மன், இரண்டாம் பாகத்தில் அஷ்டகாளி.

3

புஷ்கர்–காயத்ரி எழுதி உருவாக்கிய 'சுழல்' முதல் பாகம் 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வந்தது. பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள். எட்டுப் பகுதிகள். சாம்பலூர் என்ற கற்பனையான மலையடிவார ஊர். அங்கே ஒரு சிமெண்ட் ஆலை. தொழிற்சங்கத் தலைவர் சண்முகமாகப் பார்த்திபன். தொழிலாளர்கள் போராடுகிறார்கள். ஒரே ராத்திரியில் ஆலை எரிகிறது, சண்முகத்தின் சின்ன மகள் நிலா காணாமல் போகிறாள். தீ வைத்தது சங்கத்தலைவர்தானோ என்று சந்தேகம் எழுகிறது. ஊரில் அந்த நாட்களில் மயானக்கொள்ளைத் திருவிழா. சக்கரை என்கிற சப்-இன்ஸ்பெக்டரும் (கதிர்) நிலாவின் அக்கா நந்தினியும் (ஐஸ்வர்யா ராஜேஷ்) உண்மையைத் தேடிப் போகிறார்கள்.

இந்தத் தொடர் செய்த நல்ல காரியத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். குற்றவாளியை அது வெளியே தேடி, கடைசியில் வீட்டுக்குள்ளேயே கண்டுபிடிக்கிறது. சிறுபிள்ளைகள் மேல் நடக்கும் பாலியல் கொடுமை அந்நியனால் நடப்பதல்ல, சோறு போட்டு மடியில் உட்கார வைக்கிற சொந்தக்காரனாலேயே நடக்கிறது என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் உட்கார்ந்து பார்க்கும்படி சொன்னது. அதை வெளியே சொல்ல முடியாமல் வளர்ந்த நந்தினியின் கோபத்தை நியாயமானதாகவும் காட்டியது. 'குடும்பம்' என்கிற புனிதத்தில் கைவைத்ததற்காக இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்தச் சிமெண்ட் ஆலை என்ன ஆயிற்று? முதல் பகுதியில் கொடி பிடித்து நின்ற தொழிலாளர்கள் எங்கே போனார்கள்? கதை வீட்டுக்குள் நுழைய நுழைய ஆலை பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. சங்கத்தலைவர் சண்முகம் கடைசியில் மகளைப் பறிகொடுத்த அப்பாவாக மட்டும் மிஞ்சுகிறார். அவருடைய தோழர்கள் என்ன கூலி வாங்கினார்கள், எரிந்த ஆலையில் வேலை போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாத விஷயமாகிவிடுகிறது.

சுழல் வெளிவந்த அதே ஜூன் மாதம் காட்டாங்குளத்தூருக்கு அடுத்த ஸ்டேஷனான மறைமலைநகரில் ஃபோர்டு கார் ஆலையின் தொழிலாளர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப் போவதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. நியாயமான இழப்பீடு கேட்டு 2022 மே கடைசியில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஜூன் மாதத்திலும் நீடித்தது. ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. நிரந்தரத் தொழிலாளிக்காவது இழப்பீடு என்று ஒரு பேச்சு நடந்தது. அவர்களை நம்பி இருந்த காண்டிராக்ட் ஆட்கள், கேண்டீனில் பாத்திரம் கழுவியவர்கள், ஷெட்டைக் கூட்டியவர்கள் இவர்களுக்குப் பேச்சே கிடையாது. இவர்களில் எத்தனை பேர் எந்தத் தெருவிலிருந்து போனவர்கள் என்பதை இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிஜ ஆலையின் கதை கைபேசிக்கு வெளியே நடந்தது. பொய் ஆலை கைபேசிக்குள் எரிந்தது. ரெண்டிலும் தொழிலாளி பாதியிலேயே காணாமல் போனான்.

இப்போது மயானக்கொள்ளைக்கு வருவோம். மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் மேல்மலையனூரிலும், வட தமிழ்நாட்டில் அங்காளம்மன் இருக்கிற ஊர்களிலும் நடக்கிற திருவிழா இது. செங்கல்பட்டுப் பக்கத்துச் சனங்களுக்கு ரொம்ப நெருக்கமானது. அம்மன் வேசம் கட்டிச் சுடுகாட்டுக்குப் போவார்கள். பம்பையும் உடுக்கையும் முழங்கும். வேண்டிக்கொண்டவர்கள் கிழங்கும் தானியமும் காசும் சூறை விடுவார்கள். மலையனூர்க் கோயிலில் பூசை செய்கிறவர்களே பார்ப்பனர்கள் இல்லை, செம்படவர்கள். பார்ப்பனியம் தீட்டு என்று ஒதுக்கிய பிணத்தையும் சாம்பலையும் அம்மன் தன் மேலேயே பூசிக்கொள்ளும் விழா. எவ்வளவு பெரிய எதிர்ப்பு இது! தொடரில் இந்த விழாவுக்கு நாள் கணக்காக இடம் கொடுத்திருக்கிறார்கள். வண்ணமும் தாளமும் வேசமும் அள்ளித் தெளித்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு ஆயா பேரனோடு உட்கார்ந்து அந்தப் பகுதியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன்டா கண்ணு, மயானத்துக்குப் போறாங்களே, மயானத்துல வேல பாக்கறவன் எங்கடா?" என்று கேட்டார். பேரனுக்குப் பதில் தெரியவில்லை. ஆயாவின் புருசன் காலமெல்லாம் அந்த வேலை பார்த்தவர்.

அவர் கேட்டது ஒரு தேர்ந்த விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி. சுடுகாட்டைச் சுற்றியே ஒரு திருவிழா, அதைச் சுற்றி எட்டுப் பகுதிக் கதை. குழி வெட்டுகிறவன், பிணம் எரிக்கிறவன், சாவு மேளம் அடிக்கிறவன் அதில் முக்கியப் பாத்திரம் ஆகவில்லை. சாதி கதையை நகர்த்தும் விசையாக எங்கும் வரவில்லை. சாமி வேண்டும், தாளம் வேண்டும், சாம்பல் வேண்டும், அதைச் சுமக்கிற ஆள் மட்டும் வேண்டாம் என்றால் அதற்கு என்ன பெயர்?

4

இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரி 28 அன்று வந்தது. பிரம்மாவோடு இந்த முறை சர்ஜுன் கே.எம். இயக்கினார். சாம்பலூர் போய்விட்டது. காளிப்பட்டினம் என்ற இன்னொரு கற்பனை ஊர். அஷ்டகாளித் திருவிழா. ஊரெல்லாம் வேசம் கட்டி ஆடும் காட்சிகள் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவை நினைவூட்டுகின்றன. நந்தினி கொலை வழக்கில் சிறையில் இருக்கிறாள். அவளுக்காக வாதாடும் மூத்த வழக்கறிஞர் செல்லப்பா (லால்) கொல்லப்படுகிறார். வெவ்வேறு காவல் நிலையங்களில் பெண்கள் போய்ச் சரணடைகிறார்கள். எட்டுப் பெண்களில் ஒவ்வொருத்தியும் "நான்தான் கொன்னேன்" என்கிறாள். இவர்களின் பின்கதையில் சிறுமிகளைக் கடத்தி விற்கும் கும்பல் வருகிறது. சக்கரை மறுபடி துப்புத் துலக்குகிறான். முடிச்சு எப்படி அவிழ்கிறது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

என்ன மாறியிருக்கிறது? முதல் பாகத்தில் ஒரு வீடு, ஒரு சிறுமி. இரண்டாம் பாகத்தில் எட்டுப் பேர், ஒரு சிறைச்சாலை. கொடுமை ஒரு குடும்பத்தின் ரகசியமாக இருந்த நிலை போய், பணம் புழங்கும் ஒரு வியாபாரமாக விரிகிறது. இது வளர்ச்சிதான். ஒருத்தி செய்ததை எட்டுப் பேரும் தங்கள் தலையில் போட்டுக்கொள்வது தனிமனிதச் சாகசத்தைத் தாண்டிய யோசனை. நம் ஊர்களில் போலீஸ் ஒருத்தனைத் தேடி வந்தால் தெருவே எழுந்து நிற்குமே, அந்த நினைவு வருகிறது. பாதிக்கப்பட்ட பெண்ணை இரண்டாம் பாகத்துக்கும் கூட்டிப்போனதற்காகவும் இந்தத் தொடரைப் பாராட்டலாம். நந்தினிக்கு நடந்தது முதல் பாகத்தோடு முடிந்துவிடவில்லை, அவள் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று காட்டுகிறார்கள். நம் தொடர்களில் இது அபூர்வம்.

ஆனால் சிறைச்சாலைக்குள் போனதும் நமக்கு வேறு கேள்விகள் வருகின்றன. இந்தப் பாகம் வருவதற்கு ஐந்து மாதம் முன்னால், 2024 அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பல மாநிலங்களின் சிறை விதிகளில் சமையல் வேலை மேல்சாதிக் கைதிக்கு, கக்கூஸ் கழுவுகிற வேலை இன்ன சாதிக் கைதிக்கு என்று எழுத்திலேயே இருந்தது. அதையெல்லாம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தார்கள். சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னார்கள். அந்த வழக்கில் பாளையங்கோட்டை மத்தியச் சிறை பற்றியும் பேச்சு வந்தது. அங்கே தேவர், நாடார், பள்ளர் என்று சாதி பார்த்துத் தனித்தனியாக அடைத்து வைத்திருந்தார்கள். கலவரம் வரக்கூடாது என்பதற்காக என்று அதற்கு நியாயம் சொல்லப்பட்டது. அந்த நியாயத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

குலசையை நினைவூட்டும் கடற்கரை ஊரிலிருந்து பாளையங்கோட்டை ஒன்றும் தூரமில்லை. ஆனால் தொடரின் சிறையில் எட்டுப் பெண்களும் சாதி இல்லாத பெண்களாக ஒன்று கூடுகிறார்கள். எட்டுக் காளிகளின் உருவகம் அவர்களை இணைக்கிறது. நிஜச் சிறையில் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கே ஒரு போராட்டம் தேவைப்பட்டிருக்கும். கடத்தல்காரன் கையில் எந்த வீட்டுப் பிள்ளைகள் சிக்குகின்றன? கடன் வாங்கிக் கொத்தடிமையாகப் போன வீட்டுப் பிள்ளைகள், அப்பன் செத்து அம்மா சித்தாள் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டுகிற இடத்திலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இருளர் குடும்பங்கள் எத்தனை! கடத்தலைப் பற்றிய கதை சாதியைச் சொல்லாமல் போனால் அது பாதி உண்மைதான்.

5

சாதியைச் சொல்லியே ஆரம்பித்த ஒரு தொடரும் இருக்கிறது. இந்தியில் வந்த 'பாதாள் லோக்'. முதல் பாகம் 2020 மே 15. தில்லி யமுனைக்கு அக்கரையில் ஒரு காவல் நிலையம். ஹாத்திராம் சௌத்ரி என்கிற இன்ஸ்பெக்டர். சொர்க்கம், பூமி, பாதாளம் என்று நகரத்தை மூன்று லோகமாகப் பிரித்து அவர் பேசுவதில் தொடர் தொடங்குகிறது. நம் ஊரில் அதற்கு அக்ரகாரம், ஊர், சேரி என்று பெயர். சேதி ஒன்றுதான்.

நாலு பேரைக் கைது செய்கிறார்கள். ஒவ்வொருத்தனும் எப்படி இங்கே வந்து சேர்ந்தான் என்று கதை பின்னோக்கிப் போகிறது. பஞ்சாப் கிராமத்துத் தலித் இளைஞன் தோப் சிங், சாதி சொல்லித் திட்டி அடித்தவர்களைத் திருப்பிக் கத்தியால் கீறிவிட்டு ஊரைவிட்டு ஓடியவன். அதற்குப் பழியாக ஆதிக்க சாதிக்காரர்கள் அவன் தாயைச் சிதைக்கிறார்கள். தலித் வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கங்கை நீரால் சுத்தம் செய்துகொள்ளும் அரசியல்வாதியும் வருகிறார். முஸ்லிம் என்று தெரியக்கூடாது என்பதற்காகப் பெயரை 'கபீர் எம்' என்று வைத்துக்கொண்ட இளைஞனும் வருகிறான். இந்தியத் திரையில் சாதியும் மதமும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசப்பட்டது குறைவு. இவர்களைக் குற்றவாளியாக்கியது யார் என்கிற கேள்விதான் அந்தப் பாகத்தின் உயிர்.

2025 ஜனவரி 17 அன்று இரண்டாம் பாகம் வந்தது. கதை நாகாலாந்துக்குப் போகிறது. வடகிழக்கு மக்களை நடிகர்களாகவும் அவர்கள் மொழியைப் பேச்சாகவும் கொண்டுவந்தது நல்ல விஷயம். ஆனால் தோப் சிங் இல்லை. அவன் தாய் இல்லை. அவளை அப்படிச் செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற பேச்சே இல்லை. இந்தப் பாகத்தில் நம்மவன் யார் என்று தேடினால் ரகு பாஸ்வான் என்று ஒருவன் வருகிறான். பாஸ்வான் என்பது பீகார்த் தலித்துகளின் பட்டப்பெயர். அவன் காணாமல் போனவன். அவன் மனைவி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். அவனைத் தேடிப் போன நூலைப் பிடித்துக்கொண்டு ஹாத்திராம் பெரிய வழக்குக்குள் போய்விடுகிறார்.

முதல் பாகத்தில் நம்மவனுக்கு வாழ்க்கை இருந்தது, கோபம் இருந்தது, கத்தி இருந்தது. இரண்டாம் பாகத்தில் பெரிய கதைக்குள் நுழைய ஒரு வாசல்படியாக ஆகிவிட்டான். ஹாத்திராமின் கீழே வேலை பார்த்து, பரீட்சை எழுதி, ஐபிஎஸ் அதிகாரியாக வந்த இம்ரான் அன்சாரியை இந்தப் பாகத்தின் நடுவிலேயே கொன்றுவிடுகிறார்கள். படித்து மேலே வந்த முஸ்லிமுக்குக் கூட இரண்டாம் சீசனைத் தாண்ட முடியவில்லை. மூன்றாவதுக்கு மிஞ்சி நிற்பவர் ஹாத்திராம்.

'தில்லி கிரைம்' என்கிற இன்னொரு தொடரில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2019இல் வந்த முதல் பாகம் 2012 தில்லி பேருந்துக் கொடுமை வழக்கைப் போலீஸ் எப்படித் துலக்கியது என்று சொன்னது. போலீசின் உழைப்புக்கு அது ஒரு புகழ்மாலை. சர்வதேச எம்மி விருதும் வாங்கியது. 2022இல் வந்த இரண்டாம் பாகத்தில் முதியவர்களைக் கொல்லும் ஒரு கும்பலைத் தேடுகிறார்கள். இது இன்ன சாதிக்காரன் வேலைதான் என்று ஒரு பழைய போலீஸ்காரர் சொல்ல, சீர்மரபினரைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து வந்து அடைக்கிறார்கள். கடைசியில் அவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று தெரிகிறது. போலீஸ் தன்னையே கொஞ்சம் சந்தேகிக்கிறது.

இதன் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பாலேயே ஒரு சாதி முழுக்கக் குற்றவாளி என்றது அந்தச் சட்டம். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் சனங்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றார்கள். கள்ளர், குறவர் என்று நீண்ட அந்தப் பட்டியலில் வேப்பூர்ப் பறையர்களும் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சட்டத்தை 1952இல் நாடு முழுவதும் ரத்து செய்தார்கள். ஸ்டேஷன் புத்தியில் அது ரத்தாகவில்லை. இன்றைக்கும் நகை காணவில்லை என்றால் ஜீப்பு முதலில் இருளர் குடிசைக்கும் குறவர் தெருவுக்கும்தான் வருகிறது. ஒரு தொடர் தன் இரண்டாம் பாகத்தில் இதைத் தொட்டது முக்கியம். ஆனால் அங்கேயும் மனம் மாறுவது போலீஸ் அதிகாரியின் மனம். பிடித்து அடைக்கப்பட்டவன் வீட்டுக்கு விடப்படுகிறான், கதை அவன் பின்னால் போவதில்லை.

6

வேறு மாதிரி செய்ய முடியாதா என்று கேட்டால் முடியும். அமெரிக்காவில் 2002 முதல் 2008 வரை 'தி வயர்' என்ற தொடர் ஐந்து பாகங்களாக வந்தது. பால்டிமோர் நகரத்துக் கறுப்பர் குடியிருப்புகள்தான் களம். நிருபராக இருந்த டேவிட் சைமனும், போலீஸ்காரராகவும் ஆசிரியராகவும் இருந்த எட் பர்ன்ஸும் சேர்ந்து உருவாக்கியது. முதல் பாகம் போதை விற்கும் தெருமுனைக்கும் போலீசுக்கும் நடக்கும் மோதல். இரண்டாம் பாகம் துறைமுகத் தொழிலாளர்கள். அடுத்தது நகர அரசியல், அதற்கடுத்து பள்ளிக்கூடம், கடைசியில் பத்திரிகை அலுவலகம். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு நிறுவனத்தைத் திறந்து காட்டினார்கள். அதே நேரம் தெருமுனைப் பையன்களைக் கைவிடவில்லை. நாலாம் பாகத்தில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாலு பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படி அந்தத் தெருமுனைக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று காட்டினார்கள். அங்கே குற்றவாளி என்கிறவன் ஒரு முகமாக வந்து போவதில்லை, நம் கண்ணெதிரே உருவாகிறான்.

அதுவும் வெள்ளைக்காரர்கள் எழுதிய கறுப்பர் கதைதான் என்ற விமர்சனம் உண்டு. அது நியாயமான விமர்சனம். ஆனாலும் சீசன் என்கிற அமைப்பை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தையே துருவிப் பார்க்க முடியும் என்பதற்கு அது சாட்சி. 1972இல் பம்பாய்த் தலித் இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளின் பெயரிலிருந்துதான் தங்கள் இயக்கத்துக்குப் பெயர் எடுத்தார்கள். போராட்டத்தை அங்கிருந்து கற்றுக்கொண்டவர்களுக்குக் கதை சொல்லும் முறையைக் கற்றுக்கொள்வது பெரிய காரியமா?

7

இப்போது கணக்கை முடிக்கலாம். இந்தத் தொடர்கள் எல்லாவற்றிலும் அடுத்த பாகத்துக்குக் கட்டாயம் போகிறவன் போலீஸ்காரன். சக்கரை போகிறான், ஹாத்திராம் போகிறார், தில்லி கிரைமின் வர்த்திகா சதுர்வேதி போகிறார். செத்தவனும் சிக்கியவனும் முதல் பாகத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நந்தினி ஒருத்திதான் விலக்கு.

நிஜ வாழ்க்கையில் இது தலைகீழ். வன்கொடுமை நடந்தால் இன்ஸ்பெக்டருக்கு ஆறு மாதத்தில் டிரான்ஸ்பர். டிஎஸ்பி மாறுவார், கலெக்டர் மாறுவார், அரசு வக்கீல் மாறுவார். மாறாமல் கோர்ட்டு படிக்கட்டில் நிற்பது செத்தவன் பொண்டாட்டியும் தம்பியும்தான். கேசு நம்ம கூடவே கிழவியாகும்.

மேலவளவை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 ஜூன் 30. ஊராட்சித் தலைவராக நின்று ஜெயித்த ஒரே குற்றத்துக்காக முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 2001இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை. முதல் சீசன் முடிந்தது, நியாயம் கிடைத்தது என்று எழுதினார்கள். 2019 நவம்பரில் அவர்களில் பதின்மூன்று பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அவர்கள் ஊர் திரும்பியதைப் பார்த்தது யார்? போன போலீஸ்காரர்களா? அங்கேயே குடியிருக்கும் சனங்கள்.

வேங்கைவயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நாடே பதறியது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ரத்தமும் எச்சிலும் எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரும் அதே தலித் தெருவைச் சேர்ந்தவர்கள். ஊர்ச் சனங்கள் இதை ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கேட்டார்கள், கட்சிகளும் இயக்கங்களும் கேட்டன. முதல் சீசனில் புகார் கொடுத்த தெரு, இரண்டாம் சீசனில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. பாதாள் லோக் இரண்டாம் பாகம் வந்ததும் அந்த மாதம்தான். எந்தத் திருப்பம் பெரிய திருப்பம்?

இந்தக் கதைகளுக்குத் தயாரிப்பாளர் கிடைக்க மாட்டார் என்று சொல்வார்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

8

சட்டத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கை 1995 விதிகளின்படி டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். சக்கரை மாதிரி ஒரு நல்ல எஸ்.ஐ. தனியாக ராத்திரியில் டார்ச் அடித்துத் தேடுகிற கதைக்கு அங்கே இடமே இல்லை. குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து முடிந்தவரை இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 15ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கை பற்றியும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. அதே பிரிவின் பத்தாவது உட்பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் எல்லாவற்றையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது.

அதாவது காமிரா நமக்குச் சட்டப்படி சேர வேண்டிய உரிமை. எத்தனை கோர்ட்டில் அந்தக் காமிரா இருக்கிறது என்று போய்க் கேட்டுப் பாருங்கள். இயக்கத் தோழர்கள் ஒவ்வொரு வழக்கிலும் 15ஏ(10)ஐக் காட்டி மனு போட வேண்டும். பதிவு செய்யாத நீதிமன்றத்தில் பதிவு செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஜிஎஸ்டி சாலையில் காட்சித் தொடர்பியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. படிப்பு முடிக்கக் குறும்படம் எடுக்கத்தானே வேண்டும்? துப்பாக்கியும் மழையும் இருட்டும் வைத்து இன்னொரு போலீஸ் கதை எடுக்காதீர்கள். உங்கள் ஊரில் பத்து வருசமாக நடக்கும் ஒரு வன்கொடுமை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்ஐஆர் எந்தத் தேதியில் போட்டார்கள், எத்தனை வாய்தா, எத்தனை அதிகாரி மாறினார்கள், சாட்சி எப்போது பிறழ்ந்தான், அவனுக்கு என்ன கொடுத்தார்கள், அந்த வீட்டுப் பிள்ளை இப்போது என்ன படிக்கிறது என்று வருசா வருசம் போய்ப் பதிவு செய்யுங்கள். சுடுகாட்டில் வேலை பார்த்தவரின் பொண்டாட்டி என்ன கேட்டாரோ அதைக் கேளுங்கள். எழுதுகிறவர்கள் அதைச் சாட்சியமாக எழுதுங்கள். போலீஸ்காரன் டிரான்ஸ்பரில் போன பிறகும் கதை அந்தத் தெருவிலேயே இருக்கட்டும்.